ஓடிபியைத் தமிழில் அனுப்புங்கள்: மத்திய வங்கி ஆளுநருக்கும் வங்கித் தலைவர்களுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கை மத்திய வங்கியின் ஆளுநர் அவர்களுக்கும், உரிமம் பெற்ற வங்கிகளின் பிரதம நிறைவேற்று அதிகாரிகளுக்கும்,

கணக்கிலிருந்து காசு களவுபோனதாக முறைப்பாடு கொடுத்தவர்களுக்கு வங்கிகள் அனுப்பும் பதில் கடிதங்களை, வாசித்துச் சொல்லும்படி எங்களிடம் கொண்டுவருகிறார்கள். அவை ஆங்கிலத்தில் இருப்பதுதான் காரணம். வங்கி எதுவானாலும் சாரம் ஒன்றுதான்: கொடுக்கல் வாங்கல் ஓடிபி (தொலைபேசிக்கு வரும், ஒருமுறை மட்டும் பாவிக்கும் இரகசிய இலக்கம்) மூலம் உறுதிப்படுத்தப்பட்டுள்ளது, ஓடிபியை இரகசியமாக வைத்திருப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு, ஆகவே வங்கி பொறுப்பேற்காது. இந்தக் கடிதத்தை வாசிக்க முடியாத அதே மனிதருக்குத்தான் களவு நடந்த நேரத்தில் ஓடிபிச் செய்தியும் ஆங்கிலத்தில் போயிருந்தது. வாசிக்க முடியாத எச்சரிக்கையைக் கொடுத்துவிட்டு, எச்சரித்தோம் என்று சொல்வதை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நாங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தில் கைத்தொலைபேசி திருத்துபவர்கள், கணினி படிப்பிப்பவர்கள், முறைப்பாடு எழுதிக் கொடுப்பவர்கள். ஏமாந்தவருடைய தொலைபேசி எங்கள் கையில் இருக்கும்போது அதற்குள் என்ன நடந்திருக்கிறது என்பதைப் பார்க்கிறோம். அதனால் இந்த மடலில் பொதுவான புலம்பல் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். களவு எப்படி நடக்கிறது, உங்கள் நடைமுறையின் எந்த இடத்தில் அது நுழைகிறது, எதை மாற்றினால் அடைபடும் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

இங்கே அடிக்கடி நடப்பது இது. ஒருவர் பழைய மோட்டார் சைக்கிளையோ தையல் மெஷினையோ விற்பதற்குப் பேஸ்புக்கில் படம் போடுகிறார். வாங்க விருப்பம் என்று ஒரு அழைப்பு வருகிறது. பேசுபவர் விலை பேசுவதில்லை. முற்பணம் இப்பவே போடுகிறேன் என்கிறார். கணக்கு இலக்கம் கேட்கிறார், அது நியாயம்தான். பிறகு ரசீதுக்கு வேண்டும் என்று அடையாள அட்டை இலக்கம் கேட்கிறார். கடைசியில், “அம்மா, காசு போட்டாச்சு, உங்கட போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதை ஒருக்காச் சொல்லுங்கோ, அப்பதான் காசு உங்கட கணக்குக்குள்ள விழும்” என்கிறார். கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், ஓடிபி ஆகிய மூன்றும் கிடைத்துவிட்டால், அந்தக் கணக்கைத் தன்னுடைய தொலைபேசியிலுள்ள ஒரு கொடுப்பனவுச் செயலியோடு இணைத்துவிடலாம். அல்லது இணைய வங்கிச் சேவைக்கு அந்த அம்மாவின் பெயரில் புதிதாகப் பதிவு செய்யலாம். அதற்குப் பிறகு அவர் அந்த அம்மாவிடம் எதையும் கேட்கத் தேவையில்லை.

ஒருவர் கணக்குக்குக் காசு வருவதற்குப் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் ஆகிய நான்கும் போதும். உள்ளே வரும் காசுக்கு ஓடிபி கிடையாது. காசு வெளியே போவதற்கும், புதிய கருவி ஒன்றைக் கணக்கோடு இணைப்பது போன்றவற்றுக்கும்தான் ஓடிபி வரும். இந்த ஒரு விடயத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு கிளையிலும் காசாளர் முன் ஒட்டியிருந்தால், நாங்கள் எழுதிக் கொடுக்கும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி எழுதவேண்டி வந்திராது என்று நம்புகிறோம். சுவரில் ஒட்டப்பட்டிருப்பது கடன் விளம்பரம்.

ஓடிபிச் செய்தியின் அமைப்பையும் பாருங்கள். முதலில் வங்கியின் பெயர், அடுத்து ஆறு இலக்கம், அதற்குப் பின்னால்தான் எதற்காக என்ற விபரம், அதுவும் சுருக்கெழுத்தில். பூட்டிய திரையில் தெரிவது முதல் ஓரிரு வரிகள் மட்டும். ஆங்கிலம் தெரிந்தவருக்கே காரணம் கண்ணில் படாது. தெரியாதவருக்கு அது ஒரு இலக்கம், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் கள்வன் பொறுமையாக, மரியாதையாக, எங்கள் ஊர்த் தமிழில் அதன் பொருளை விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறான். வங்கி விளங்கப்படுத்தாத இடத்தை அவன் நிரப்புகிறான்.

தமிழில் அனுப்பச் சிலவு கூட என்ற காரணம் எங்களுக்குத் தெரியும். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்குள் 160 குறிகள் அடங்கும். தமிழில், சிங்களத்தில் 70 தான். செய்தி நீண்டு துண்டுகளாகப் பிரியும்போது ஒரு துண்டுக்கு 67. அதிலும் ‘கி’ என்பது ஒரு எழுத்தாக இருந்தாலும் இரண்டு குறியாகக் கணக்கிடப்படும். சரி, கணக்குப் பார்த்தே எழுதுகிறோம்: “ரூ.85,000 உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. இந்த இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள்: 402917”. இது 97 குறி. இரண்டு துண்டுக்குள் தாராளமாக அடங்கும். தொகையும் காரணமும் முன்னுக்கு, எச்சரிக்கை நடுவில், இலக்கம் கடைசியில். இலக்கத்தைத் தேடிப் போகும் கண் மற்ற இரண்டையும் கடந்துதான் போகவேண்டும். ஒரு ஓடிபிக்கு மேலதிகமாக ஒரு குறுஞ்செய்தியின் சிலவு. அந்தச் சிலவை மிச்சம் பிடித்ததற்கான விலையை இங்கே ஓய்வூதியக்காரர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது, “ஓடிபியை நீங்கள்தான் கொடுத்தீர்கள்” என்ற தீர்ப்பு. அது எப்போதும் உண்மை அல்ல என்பதை நீங்களும் அறிவீர்கள். ஓடிபி யாருடைய வாயிலிருந்தும் வெளியே வராமல் களவுபோகும் வழிகள் உண்டு.

வட்ஸ்அப்பில் கலியாண அழைப்பிதழ், பார்சல் விபரம், வங்கியின் புதிய செயலி என்ற பெயரில் ஏபிகே என்று முடியும் கோப்பு ஒன்று வரும். அதைத் திறந்தால் “தெரியாத மூலத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா” என்று அன்ட்ரொய்ட் கேட்கும். அனுமதித்தால், அந்தச் செயலி குறுஞ்செய்திகளை வாசிக்கவும் அறிவிப்புகளைப் பார்க்கவும் உரிமை கேட்கும். சில, அணுகல்தன்மைச் சேவை என்று அமைப்புகளில் இருக்கும் அனுமதியைக் கேட்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக உருவாக்கப்பட்ட அந்த வசதி, திரையில் உள்ளதை வாசிக்கவும் தானே பொத்தானை அழுத்தவும் செயலிக்கு இடம் கொடுக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் ஓடிபி வந்த நொடியிலேயே கள்வனிடம் போய்விடும். உரியவர் காணுமுன்பே அந்தச் செய்தி அழிக்கப்படவும் கூடும். இரண்டாவது வழி, வங்கியிலிருந்து உதவி செய்கிறோம் என்று சொல்லி எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற தொலைக் கட்டுப்பாட்டுச் செயலியை ஏற்றச் சொல்வது, அல்லது வட்ஸ்அப் காணொளி அழைப்பில் திரையைப் பகிரச் சொல்வது. மூன்றாவது, வாடிக்கையாளரின் அதே தொலைபேசி இலக்கத்துக்கு இன்னொரு சிம் எடுத்துவிடுவது. அப்போது கையிலுள்ள தொலைபேசியில் திடீரென்று சமிக்ஞை இல்லாமல் போகும், அந்தப் பொழுதில் செய்திகள் வேறு இடத்துக்குப் போகும். இதைவிட, அட்டையின் முன்பக்கத்து 16 இலக்கமும் காலாவதித் திகதியும் பின்பக்கத்து 3 இலக்கமும் இருந்தால், சில வெளிநாட்டு விற்பனைத் தளங்களில் ஓடிபியே இல்லாமல் பொருள் வாங்கலாம். அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்வது இதற்குத்தான்.

இவற்றில் எது நடந்தது என்பது உங்கள் சேர்வர்ப் பதிவுகளில் இருக்கிறது. எந்தக் கருவியிலிருந்து உள்நுழைந்தார்கள், அந்தக் கருவி எப்போது புதிதாகப் பதிவானது, எந்த இணைய (ஐபி) முகவரி, எத்தனை மணிக்கு, ஒரு பெறுநரைச் சேர்த்த எத்தனை நிமிடத்தில் காசு போனது எல்லாம் இருக்கிறது. அரியாலையில் ஒரு அம்மாவின் கணக்குக்குள் அவர் ஒருநாளும் பாவித்திராத தொலைபேசியிலிருந்து இரவு பதினொரு மணிக்கு ஒருவர் நுழைந்து, ஐந்து நிமிடத்தில் முழு வைப்பையும் மூன்று கணக்குகளுக்கு மாற்றினால், அது அந்த அம்மாவின் கவனக்குறைவாக மட்டும் எப்படி இருக்க முடியும்? அந்த அசாதாரணத்தைக் காணக்கூடிய இடத்தில் இருப்பது வங்கி மட்டும்தான். ஆனால் பதில் கடிதத்தில் இந்த விபரம் எதுவும் இருப்பதில்லை. கேட்டால், உள்ளக விபரம் என்கிறார்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது கேட்கப்படுவதும் இதே விபரங்கள்தான்.

இனி, குறுஞ்செய்தியில் வரும் இணைப்புகள். வங்கிகள் தாங்களே செய்யும் ஒரு காரியம் இங்கே கள்வருக்குப் பாதை வெட்டுகிறது. கடன் அட்டைச் சலுகை, புதிய செயலி, விபரங்களைப் புதுப்பித்தல் என்று குறுக்கிய இணைப்புகளோடு நீங்கள் அனுப்பும் செய்திகள் வாரம் தவறாமல் வருகின்றன. வங்கி அனுப்பும் இணைப்பை அழுத்துவது வழமை என்று மக்கள் பழகிவிட்டார்கள். அனுப்புநர் பெயர் என்பது அனுப்புபவர் நிரப்பும் ஒரு எழுத்துத் தொடர் மட்டுமே. அதைச் சரிபார்க்கும் ஏற்பாடு இல்லாத வழியாக வந்தால் யாரும் வங்கியின் பெயரைப் போடலாம். தொலைபேசி பெயரைப் பார்த்துத்தான் செய்திகளை ஒன்றாக அடுக்குகிறது. ஆகவே போலிச் செய்தி, போன மாதம் சம்பளம் வந்ததைச் சொன்ன உண்மையான செய்திக்குக் கீழேயே போய் உட்காரும். “அனுப்பியவர் யார் என்று பாருங்கள்” என்ற உங்கள் அறிவுரையைப் பின்பற்றியவரும் அங்கே ஏமாறுவார்.

சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் இதே முறையில் ஓசிபிசி வங்கியின் வாடிக்கையாளர்கள் ஏமாற்றப்பட்டார்கள். ஏறக்குறைய 790 பேர், 13.7 மில்லியன் சிங்கப்பூர் டொலர். அந்த வங்கி அவர்களுக்கு முழுத் தொகையையும் கொடுத்தது. அடுத்த மாதமே, 2022 ஜனவரியில், அந்நாட்டு நாணய ஆணையமும் வங்கிகளும் சேர்ந்து எடுத்த முடிவுகள்: சில்லறை வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் அழுத்தக்கூடிய இணைப்பு இருக்கக்கூடாது, கொடுக்கல் வாங்கலை உறுதிப்படுத்தும் மின்னணுப் பாதுகாப்புச் சாவியைப் புதிய கருவியில் இயக்கினால் குறைந்தது 12 மணி நேரம் தாமதம். 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத அனுப்புநர் பெயரில் வரும் குறுஞ்செய்தி அங்கே ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற தலைப்போடுதான் போய்ச் சேருகிறது. தமிழையும் ஆட்சிமொழியாக வைத்திருக்கும் ஒரு நாடு ஒரு மாதத்தில் செய்யத் தொடங்கியதை எங்களுக்குச் செய்ய என்ன தடை என்று கேட்கிறோம்.

தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் செய்திகளும் இதே வகைதான்: உங்கள் பொதி நிற்கிறது, முகவரி பிழை, சிறு தொகை கட்டுங்கள். தொகை சிறியதாக இருப்பது தற்செயல் அல்ல. அவர்களுக்கு வேண்டியது அந்தச் சில்லறைக் காசு இல்லை; அதைக் கட்டுவதற்கு நீங்கள் தட்டும் அட்டை இலக்கம். உண்மையான தளத்தின் முகவரி எஸ்எல்போஸ்ட் புள்ளி ஜிஓவி புள்ளி எல்கே. போலியில் புள்ளிக்குப் பதில் சிறு கோடு இருக்கும்: எஸ்எல்போஸ்ட் கோடு ஜிஓவி கோடு எல்கே, அதற்குப் பிறகு புள்ளி வைத்து வேறொன்று. நாங்கள் படிப்பிக்கும் முறை இது: முகவரியில் முதலாவது தனிச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள், அதற்கு இடப்பக்கம் வலமிருந்து இடமாக வாசியுங்கள், அப்படி வாசிக்கும்போது முதலில் வரும் இரண்டு மூன்று துண்டுகள்தான் வீட்டுச் சொந்தக்காரர். அவற்றுக்கு இடப்பக்கம் எந்த வங்கியின் பெயரை எழுதினாலும் அது வாடகைக்கு ஒட்டிய பலகை. பூட்டுச் சின்னத்தை நம்பவேண்டாம் என்றும் சொல்கிறோம். அது, இடையில் எவரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதற்கான அடையாளம். மறுபக்கத்தில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அல்ல. போலித் தளத்துக்கும் பூட்டு இலவசமாகக் கிடைக்கும்.

மின்னஞ்சல் மோசடியில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கனடா, லண்டன், அவுஸ்திரேலியா என்று விசாவுக்கும் படிப்புக்கும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய. “உங்கள் விண்ணப்பம் தெரிவாகியுள்ளது, 48 மணி நேரத்துக்குள் பாதுகாப்பு வைப்பைச் செலுத்தவும்” என்று கனடியக் கொடி போட்ட மின்னஞ்சல் வந்தால், அது அவர்கள் எதிர்பார்த்திருந்த செய்தி. அனுப்பியவரின் பெயர் தூதரகமாக இருக்கும். பெயரைத் தொட்டால் கீழே ஜிமெயில் முகவரி தெரியும். கனடிய அரசின் முகவரிகள் ஜிசி புள்ளி சிஏ அல்லது கனடா புள்ளி சிஏ என்று முடியும். பிரித்தானியாவினது ஜிஓவி புள்ளி யூகே. சிலவேளை அனுப்பிய முகவரி சரியாகத் தோன்றும், பதில் போகும் முகவரி மட்டும் வேறாக இருக்கும். பதிலளிக்கும் பொத்தானை அழுத்தி, எழுதாமல், பெறுநர் பெட்டியைப் பார்த்தால் பிடிபடும். எந்த அரசாங்கமும் விசாக் கட்டணத்தை இலங்கையில் ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கில் வாங்குவதில்லை. வெளிநாட்டு வேலை என்றால் முகவருக்கு உரிமம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989இல் கேட்கலாம்.

ஆனால் மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லும் எங்களை வங்கிகளே மடக்குகின்றன. ஒரே வங்கி கணக்கறிக்கையை ஒரு முகவரியிலிருந்தும், விளம்பரத்தை வேறு நிறுவனத்தின் முகவரியிலிருந்தும், கருத்துக் கணிப்பை இன்னொன்றிலிருந்தும் அனுப்புகிறது. எது உங்களுடையது என்று நாங்கள் எதைச் சொல்லிக் கொடுப்பது? உங்கள் முகவரியைப் போட்டு வேறொருவர் அனுப்பும் மின்னஞ்சலைத் தடுக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று ஏற்பாடுகள் இருக்கின்றன. டிமார்க்கில் ‘நிராகரி’ என்று கொள்கையை வைத்தால், சரிபார்ப்பில் தோற்ற மின்னஞ்சலைப் பெறும் சேவை உள்ளே விடாது. ‘எதுவும் செய்யாதே’ என்ற நிலையில் விட்டால் அறிக்கை மட்டும் வரும், போலி மின்னஞ்சலும் வரும். இந்த மாற்றத்துக்குச் சட்டம் தேவையில்லை, உங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒரு உத்தரவு போதும்.

மொழியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் மோசடி என்று உலகம் முழுவதும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்களால் அதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. அரச திணைக்களங்களும் வங்கிகளும் அனுப்பும் உண்மையான தமிழ் அறிவித்தல்கள்தான் பிழை மலிந்து கிடக்கின்றன. ஒற்றெழுத்து இல்லை, சொல் உடைந்திருக்கும், சில இடங்களில் கருத்தே தலைகீழாக இருக்கும். பிழைத் தமிழைக் கண்டால் “இது அரசாங்கக் கடிதம்தான்” என்று நினைக்கும் அளவுக்கு எங்கள் சனம் பழகிவிட்டது. மோசடிக்காரர்களின் தமிழோ இப்போது நன்றாக இருக்கிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. நல்ல தமிழில் எழுத ஒருவரை நியமிப்பதை மரியாதை சார்ந்த விடயமாக மட்டும் பார்க்காதீர்கள் என்று கேட்கிறோம். இந்த இடத்தில் அது களவைத் தடுக்கும் வேலை.

காசு போன பிறகு நடப்பதற்கு வருவோம். செஃப்ட்ஸ் என்ற வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பரிமாற்ற முறை வழியாகக் காசு ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு நொடிக்கணக்கில், இரவு பகல், போயா தினம் பார்க்காமல் போகிறது. போன காசு முதற்கணக்கில் தங்குவதில்லை. இரண்டாவது, மூன்றாவது கணக்குக்கு மாறி, தன்னியக்க இயந்திரத்தில் எடுக்கப்படும், அல்லது யூஎஸ்டிடி போன்ற மின்நாணயமாக மாறிவிடும். முதல் அரை மணி நேரத்துக்குள் பெறும் கணக்கை முடக்கினால் மீட்க வாய்ப்பு இருக்கிறது. அடுத்த நாள் காலை கிளை திறந்த பிறகு விண்ணப்பம் நிரப்பினால் பெரும்பாலும் இல்லை. அந்த அரை மணி நேரத்தில் வாடிக்கையாளர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? உதவி இலக்கத்தில் தமிழுக்கான எண்ணை அழுத்திவிட்டு இசை கேட்டுக்கொண்டிருக்கிறார். கடைசியில் எடுப்பவர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பேசுகிறார். கிடைத்தாலும், காசு போன மற்ற வங்கிக்கு நீங்களே அறிவியுங்கள் என்ற பதில் வருகிறது. அந்த வங்கியோ, நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை என்கிறது. இந்தியாவில் 1930 என்ற ஒரே இலக்கத்துக்கு அழைத்தால் முறைப்பாடு பதிவாகி, காசு போன வங்கிகள் அனைத்துக்கும் ஒரே அமைப்பின் ஊடாக அறிவித்தல் போய், மீதியிருக்கும் தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. இங்கே கணினிப் பாதுகாப்பு அவசர உதவிக்கான அரச அமைப்பான சேர்ட் 101, மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் 1935, பொலிஸ், வங்கி என்று நான்கு கதவு. ஒவ்வொன்றிலும் முதலிலிருந்து கதை சொல்லவேண்டும்.

உங்கள் துண்டுப்பிரசுரங்களில் இல்லாததால், ஏமாந்தவருக்கு நாங்கள் சொல்வதை இங்கேயே எழுதிவிடுகிறோம். தாராளமாக எடுத்துப் பாவியுங்கள். முதலில் வங்கியை அழைத்துக் கணக்கையும் அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும், மூன்றையும், முடக்கச் சொல்லவேண்டும். அட்டையை மட்டும் முடக்கினால் செயலி வழியாகக் காசு போய்க்கொண்டே இருக்கும். முறைப்பாட்டு இலக்கத்தையும் அழைத்த நேரத்தையும் எழுதிவைக்கவேண்டும். ஏதாவது செயலி ஏற்றியிருந்தால் தொலைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றவேண்டும். அதே தொலைபேசியில் மாற்றினால் புதியதும் களவுபோகும். வெட்கத்தில் உரையாடலை அழிக்கவே கூடாது. கள்வனின் தொலைபேசி இலக்கம், கணக்கு இலக்கம், கொடுக்கல் வாங்கல் இலக்கம், நேரம் எல்லாம் தெரியும்படி தொலைபேசித் திரையைப் படம் (ஸ்கிரீன்ஷொட்) எடுக்கவேண்டும். பிறகு பொலிஸ் முறைப்பாடு, அதன் பிரதியோடு வங்கிக்கு எழுத்துமூலக் கடிதம். வங்கியின் பதில் திருப்தி இல்லையென்றால் 1935. வட்ஸ்அப் கணக்குப் பறிபோயிருந்தால் வெளிநாட்டு உறவுகளுக்கு உடனே சாதாரண அழைப்பெடுத்துச் சொல்லவேண்டும். அவர்களிடம்தான் “அவசரம், இந்தக் கணக்குக்குப் போடுங்கோ” என்று அடுத்த செய்தி போகும். போன காசை மீட்டுத் தருகிறோம் என்று சில நாட்களில் ‘சட்டத்தரணி’ அல்லது ‘சைபர் பொலிஸ்’ ஒருவர் தொடர்பு கொள்வார். முற்பணம் கேட்டால் அவரும் அதே கூட்டம்.

கணக்கை வாடகைக்குக் கொடுக்கும் இளைஞர்களைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது, இது எங்கள் பக்கத்துக் குறை. “உன்ர கணக்குக்குக் காசு வரும், உன்ர பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பு” என்று டெலிகிராமில் கேட்கிறார்கள். சிலர் வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இது தவறாகப் படாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் அனுப்பும் முறையில், வரும் காசு, பெரும்பாலும் முன்பின் தெரியாத ஒருவரின் பெயரில்தான் கணக்கில் விழும். தெரியாத பெயரில் காசு வருவது இங்கே பல வீடுகளுக்கு மாதாந்த வழக்கம். அந்தப் பழக்கத்தின் மீதுதான் மோசடிக்காரர் கட்டுகிறார்கள். கடைசியில் பொலிஸ் தேடிவருவது கணக்குக்காரப் பொடியனைத்தான். பின்னால் இருந்தவன் எல்லைக்கு அப்பால். மாணவர் சேமிப்புக் கணக்கு திறக்கும்போது ஒரு அலுவலர் இதைத் தமிழில் இரண்டு நிமிடம் சொன்னால் போதும். இப்போது கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தைக் காட்டுவதோடு முடிகிறது.

மத்திய வங்கி 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யக்கூடியவை என்று நாங்கள் கேட்பவை இவை.

ஓடிபியும் கணக்கு எச்சரிக்கைகளும் வாடிக்கையாளர் தெரிவு செய்த மொழியில் வரவேண்டும். கணக்குத் திறக்கும்போதே மொழி கேட்கப்படவேண்டும். ஏற்கெனவே உள்ளவர்களுக்கு ஒரு குறுஞ்செய்திப் பதிலால் மாற்ற வசதி வேண்டும். தொகையும் காரணமும் முதலில், இலக்கம் கடைசியில்.

குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் வங்கிகள் இணைப்பு அனுப்புவதை முற்றாக நிறுத்த உத்தரவிடுங்கள். வங்கி அழைத்து அடையாள அட்டை இலக்கமோ அட்டை விபரமோ கேட்பதையும் நிறுத்துங்கள். தேவையென்றால், அட்டையின் பின்னால் உள்ள இலக்கத்துக்கு வாடிக்கையாளரே அழைக்கட்டும். அனுப்புநர் பெயர்களைக் கட்டாயப் பதிவுக்குள் கொண்டுவரத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவோடு பேசுங்கள். ஒவ்வொரு வங்கியும் ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரிப் பெயரை அறிவித்து, அதற்கு டிமார்க் ‘நிராகரி’ நிலையை வைக்கவேண்டும்.

புதிய கருவி பதிவானாலோ, புதிய பெறுநர் சேர்க்கப்பட்டாலோ பெரிய தொகைக்கு 12 மணி நேரத் தாமதம் வேண்டும். 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு இது இயல்பாகவே இயங்கவேண்டும். வேண்டாமென்றால் அவர்கள் கிளைக்கு வந்து நீக்கலாம். காசு அனுப்புமுன், தட்டிய பெயரும் கணக்குக்காரர் பெயரும் ஒத்துப்போகிறதா என்று எல்லா வங்கிச் செயலிகளும் காட்டவேண்டும்.

24 மணி நேரமும் தமிழில் பதில் சொல்லும் ஒரே அவசர இலக்கம் வேண்டும். அதில் ஆளுக்காகக் காத்திருக்காமல், பதிவான தொலைபேசியிலிருந்து ஒரு எண்ணை அழுத்தியதும் கணக்கு முடங்கவேண்டும். பெறும் வங்கிக்கு அறிவிப்பது அனுப்பிய வங்கியின் கடமை என்று எழுத்தில் வையுங்கள்.

முறைப்பாட்டை நிராகரிக்கும் கடிதம் வாடிக்கையாளரின் மொழியில் இருக்கவேண்டும்; கருவி, நேரம், இணைய (ஐபி) முகவரி, கருவி பதிவான திகதி ஆகிய நான்கும் அதில் இருக்கவேண்டும். ‘ஓடிபி பகிரப்பட்டது’ என்ற ஒற்றை வரி போதாது. எப்படிப் பகிரப்பட்டது என்று வங்கி காட்டவேண்டும்.

நட்டத்தை யார் ஏற்பது என்பதையும் திறந்து பேசுங்கள். பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு காசு அனுப்பியவருக்கு 85,000 பவுண் வரை திருப்பிக் கொடுக்கும் கடமை கொடுப்பனவு நிறுவனங்களுக்கு இருக்கிறது. அனுப்பிய பக்கமும் பெற்ற பக்கமும் பாதிப் பாதி. அதே அளவை இங்கே கேட்கவில்லை. தன் மொழியில் எச்சரிக்கை பெறாதவரின் நட்டத்தில் வங்கிக்கும் பங்கு உண்டு என்ற விதியைக் கேட்கிறோம்.

பிரதேச செயலகங்கள், சனசமூக நிலையங்கள், பாடசாலைகளில் தமிழில் வகுப்பு நடத்த நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம், ஊதியம் கேட்கவில்லை. வங்கிகள் தங்கள் உண்மையான செய்திகளின் மாதிரிகளையும், புதிதாகப் பரவும் போலிகளின் மாதிரிகளையும் எங்களுக்கு மாதந்தோறும் தந்தால் போதும். நெடுந்தீவுக்கும் வந்து சொல்வோம்.

இந்த மடலுக்கு எழுத்துமூலமான பதிலை, எந்தக் கோரிக்கை எந்தத் திகதிக்குள் என்ற விபரத்தோடு, தமிழில் எதிர்பார்க்கிறோம்.

யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்த கைத்தொலைபேசித் திருத்துநர்களும் கணினிப் பயிற்றுநர்களும்